அப்பாவின் அம்பாசிடர் வேறு, உங்கள் நீலக் கார் வேறு

கேள்வி: ஐயா, நான் பள்ளிக்கரணையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் கார், அடர் நீல மெட்டாலிக். மூன்று வருடம் ஆகிறது. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கோடுகள். வேப்ப மரத்தடியில் நிற்பதால் காக்கை எச்சத்தின் தடம் இரண்டு மூன்று இடத்தில் பதிந்துவிட்டது. போர் தண்ணீர் காய்ந்த வெள்ளை வட்டங்கள் வேறு. என் அப்பா திருநெல்வேலியில் 30 வருடம் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியவர். மாதம் ஒரு தடவை காம்பவுண்டு போட்டால் வண்டி கண்ணாடியாக இருக்கும் என்று சொல்லி, தேய்த்து மெருகேற்றும் பசையான ரப்பிங் காம்பவுண்டு ஒரு டப்பா வாங்கி வந்து பானட்டின் ஓர் இடத்தில் தேய்த்தார். அந்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துப்போய்விட்டது. அன்றிலிருந்து அவர் வண்டிப் பக்கமே வருவதில்லை. சர்வீஸ் சென்டரில் செராமிக் கோட்டிங் போடச் சொல்கிறார்கள். எந்த பாலிஷ் வாங்கலாம், எப்படிப் போடுவது, எத்தனை நாளுக்கு ஒரு தடவை? மீதிக் காம்பவுண்டை, படிக்கட்டுக்கு அடியில் நிற்கும் அப்பாவின் பழைய பஜாஜ் ஸ்கூட்டருக்காவது போடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த வெளுத்த இடத்தைப் பார்த்துவிடுவோம். ஒரு சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்து அந்த இடத்தை ஈரமாக்குங்கள். ஈரம் இருக்கும்போது வெளுப்பு மறைந்து நீலம் தெரிந்து, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால் நல்ல செய்தி. மேல் பூச்சில் நுண்ணிய கீறல்கள் மட்டும் விழுந்திருக்கின்றன, சரிசெய்துவிடலாம். ஈரத்திலும் மறையாமல், வெளுத்த இடத்தைச் சுற்றி ஒரு கரை கட்டினாற்போல ஓரம் தெரிந்தால், அல்லது அப்பா தேய்த்த துணியில் நீலச் சாயம் ஒட்டியிருந்தால், மேல் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு பாலிஷ் மருந்தாகாது. அந்த பானட்டை மறுபடி பெயின்ட் அடிப்பதுதான் வழி. கையால் ஒரு தடவை தேய்த்ததில் அந்த அளவுக்குப் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே பயப்படாமல் மேலே படியுங்கள், அப்பாவிடமும் சொல்லுங்கள்.

அப்பா சொன்னது பொய்யில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் மதுரையில் ஒரு டிங்கரிங் ஷெட்டில் பட்டி தேய்க்கும் பையனாகச் சேர்ந்தவன். அம்பாசிடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் டியூக்கோ பெயின்ட் அடித்த காலத்தின் கடைசிப் பகுதியைக் கண்ணால் பார்த்தவன். அந்த வண்டிகளில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சிலேயே இருந்தன. வெயில் பட்டால் மேல்பரப்பு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப் பொடியாகும். காம்பவுண்டை பனியன் வேஸ்ட்டில் தொட்டுத் தேய்த்தால் செத்துப்போன மேல் பொடி உதிர்ந்து, அடியிலிருந்து புது நிறம் மேலே வரும். தேய்த்த துணி வண்டியின் நிறத்துக்கே மாறிவிடும். கருப்பு வண்டிக்குக் கருப்புத் துணி, மேல்பாதி மஞ்சள் அடித்த டாக்ஸிக்கு மஞ்சள் துணி. பூச்சும் தடிமனாக இருக்கும், வருடங்கள் கழித்துத் தேய்ந்துபோனால் மறுபடி ஒரு கோட் அடித்துக்கொள்வார்கள். மாதம் ஒரு தடவை காம்பவுண்டு போட்டு 30 வருடம் டாக்ஸியைப் பளபளப்பாக வைத்திருந்தார் என்றால் அது உண்மையான கைத்தொழில்.

இன்றைய கார் அப்படிக் கட்டப்பட்டதில்லை. இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். பெரும்பாலான கார்களில் இந்த நாலு அடுக்கும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 140 மைக்ரான் வரைதான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் இதைவிட அதிகம். சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுத்து உங்கள் நீலத்தை நீலமாக வைத்திருப்பது இந்த மெல்லிய படலம்தான். கரடான காம்பவுண்டை மெஷினில் போட்டு ஒரு தடவை அழுத்தித் தேய்த்தால் சில மைக்ரான் போகும். மென்மையான பாலிஷ் என்றால் ஒரு மைக்ரான் அளவு. போனது திரும்ப வராது. எங்கள் தொழிலில் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்: வண்டியின் ஆயுள் முழுவதுக்கும் சேர்த்து கிளியர் கோட்டில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மாதம் ஒரு தடவை காம்பவுண்டு போட்டால் அந்தக் கால் பங்கு எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தொழிலுக்கு வந்த புதிதில், அதிவேகமாகச் சுற்றும் ரோட்டரி மெஷினை ஒரு சிவப்பு வண்டியின் ஃபென்டர் விளிம்பில் நான்கைந்து நொடி அதிகம் நிறுத்திவிட்டேன். விளிம்பில் எப்போதும் பூச்சு மெல்லிசாகத்தான் இருக்கும். கண் முன்னாலேயே ஒரு சாம்பல் கோடு தெரிந்தது, பிரைமர் வெளியே வந்துவிட்டது. அந்த வண்டிக்காரர் ஒரு வார்த்தையும் கடுமையாகப் பேசவில்லை, அதனால்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் நான் மெஷினை எடுப்பதில்லை.

ஆகவே "எந்த பாலிஷ் வாங்கலாம்" என்ற உங்கள் கேள்வியை நான் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் பாலிஷ் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பொருட்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று தேய்த்து எடுப்பது. அதில் நுண்ணிய அரத்துகள், அதாவது அரம்போல் தேய்க்கும் பொடி, இருக்கும், கீறலின் கரைகளைத் தேய்த்துப் பரப்பைச் சமன்படுத்தும். அதற்குமேல் அது எதையும் காக்காது. இன்னொன்று மேலே படலமாகப் படிந்து காப்பது, அதுதான் வேக்ஸ், சீலன்ட் வகை. அது கீறலை எடுக்காது. பாலிஷ் போட்டேன், வண்டிக்குப் பாதுகாப்பு ஆகிவிட்டது என்று நினைத்து வெயிலில் விடுவது, குளிப்பாட்டிய குழந்தையைத் துவட்டாமல் காற்றில் நிற்க வைக்கிற மாதிரி.

கடையில் டப்பாவைக் கையில் எடுத்ததும் லேபிளைப் படியுங்கள். காம்பவுண்டு, ரப்பிங், கட், ஸ்கிராட்ச் ரிமூவர் என்று எழுதியிருந்தால் அரம் உள்ளது. பாலிஷ், ஃபைன் பாலிஷ், ஃபினிஷிங் பாலிஷ் என்றாலும் அரம் உள்ளது, ஆனால் மென்மையானது. வேக்ஸ், சீலன்ட், பெயின்ட் புரொடெக்டன்ட், செராமிக் ஸ்ப்ரே என்றால் காப்பது. கிளீனர் வேக்ஸ், ஆல் இன் ஒன் என்றால் இரண்டும் கலந்தது, கொஞ்சம் தேய்க்கும், கொஞ்சம் காக்கும். சிலர் விரல் இடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்து "நைசாகத்தான் இருக்கிறது" என்று வாங்குவார்கள். இன்றைய அரத்துகள் விரலுக்குத் தட்டுப்படாத அளவு நுண்மையானது, விரலை நம்ப முடியாது. 3எம், மெகுயர்ஸ், டர்ட்டில் வேக்ஸ், சோனாக்ஸ் என்று பல பெயர்கள் நம் ஊரில் கிடைக்கின்றன. எந்தக் கம்பெனி என்பதைவிட எந்த வகை என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

உங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான்: ஒரு சின்ன பாட்டில் ஃபினிஷிங் பாலிஷ், அது வெளுத்த இடத்துக்கும் எச்சத் தடத்துக்கும் மட்டும். ஒரு நல்ல சீலன்ட் அல்லது லிக்விட் வேக்ஸ், அது வண்டி முழுவதுக்கும். கார் ஷாம்பு, ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணி, பூசுவதற்கு இரண்டு மூன்று ஃபோம் அப்ளிகேட்டர் (பஞ்சுத் திண்டு). அவ்வளவு போதும்.

இவற்றை எப்படிப் போடுவது என்பதைவிட, அந்தச் சிலந்தி வலைக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பேசுவதுதான் முக்கியம். அதை நிறுத்தாவிட்டால் எந்தப் பொருளும் பயன்படாது. நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்கிறேன்: காலை ஆறு மணிக்கு ஒருவர் வந்து மாதச் சம்பளத்துக்கு வரிசையாக எல்லாக் கார்களையும் துடைத்துவிட்டுப் போவார். கையில் ஒரு துணி, ஒரு வாளித் தண்ணீர், அதே வாளியில் பதினைந்து வண்டி. அவர் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வராது. "தினமும் துடை" என்று நாம்தான் கேட்கிறோம். ஆனால் இரவில் படிந்த தூசியில் இருப்பது பெரும்பாலும் மணல், அதாவது குவார்ட்ஸ். அது கிளியர் கோட்டைவிடப் பல மடங்கு கடினம். காய்ந்த துணியால் அதை இழுத்தால் உப்புத்தாளால் இழுப்பதுதான். வெளிர் நிற வண்டியில் தெரியாது, உங்கள் அடர் நீலத்தில் ஒவ்வொரு கோடும் தெரியும்.

அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: சம்பளம் அதேதான், தினமும் துடைக்க வேண்டாம், வாரம் இரண்டு நாள் நன்றாகக் கழுவினால் போதும். நீங்களே ஷாம்புவும் இரண்டு வாளியும் கொடுங்கள். ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர். முதலில் வண்டி மேல் தண்ணீர் ஊற்றி மண்ணை ஓட விட வேண்டும். பிறகு மேலிருந்து கீழாக, கூரை, கண்ணாடி, பானட், கதவு என்று வந்து, சேறு பட்ட அடிப்பகுதியைக் கடைசியில் தொட வேண்டும். ஒவ்வொரு தடவையும் துணியை வெறும் தண்ணீரில் அலசிய பிறகுதான் ஷாம்புவில் முக்க வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. கீழே விழுந்த துணியை மறுபடி வண்டியில் வைக்கக் கூடாது, அதில் ஒட்டிய ஒரு மணல் போதும். பாத்திரம் துலக்கும் திரவமும் துணி சோப்புத்தூளும் வேண்டாம், போட்ட வேக்ஸையெல்லாம் அவை கழுவிக்கொண்டு போய்விடும். தண்ணீரில் டீசல், மண்ணெண்ணெய் கலந்து துடைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அப்போதைக்கு மினுக்கும், பிறகு அந்த எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டும், கதவு ரப்பர் உப்பிக் கெடும். வண்டிக் கவரும் இதே கதைதான். தூசியோடு இருக்கும் வண்டி மேல் கவரைப் போட்டால், காற்றில் அது அசையும்போதெல்லாம் தேய்க்கும்.

அடுத்து உங்கள் தண்ணீர். பள்ளிக்கரணைப் பக்கம் போர் தண்ணீரில் உப்பு தூக்கலாக இருக்கும். வெயிலில் கழுவிவிட்டுக் காய விட்டால் தண்ணீர் ஆவியாகும், சுண்ணாம்பும் மெக்னீசியமும் வட்டமாக உட்காரும். கொஞ்ச நாளில் அந்த வட்டம் கிளியர் கோட்டையே அரித்துப் பள்ளமாக்கிவிடும். ஆகவே நிழலில் கழுவுங்கள், கழுவியதும் தண்ணீரை வெயில் குடிப்பதற்குள் ஒற்றி எடுத்துவிடுங்கள். கடைசியாக ஒரு தடவை அலச ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்து, துணியில் வடிகட்டிப் பயன்படுத்துங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் அதில் உப்பு ஏறக்குறைய இருக்காது. வாடிக்கையாளர் பலருக்கு நான் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், கருப்பு வண்டிக்காரர்கள் இதற்காகவே நன்றி சொல்கிறார்கள். ஆனால் ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை "வீணாகிறதே" என்று காருக்கு எடுக்காதீர்கள். சுத்தமான தண்ணீரைப் பிரித்த பிறகு மிச்சமான உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஏற்கெனவே பதிந்திருக்கும் வட்டங்களுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் அந்த இடத்தில் போட்டு வைத்து, எடுத்துவிட்டு நிறையத் தண்ணீரால் அலசுங்கள். புது உப்பு கரைந்துவிடும். அதற்கும் போகாதது அரித்துப் பதிந்தது, அதற்குத்தான் பாலிஷ்.

காக்கை எச்சத்தில் அமிலம் இருப்பது ஒரு பக்கம். பகல் சூட்டில் பெயின்ட் லேசாக இளகி விரிகிறது, அதன் மேல் எச்சம் காய்ந்து இறுகுகிறது, மாலையில் பெயின்ட் குளிர்ந்து சுருங்கும்போது அந்த எச்சத்தின் வடிவத்தை அச்சாக வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் மே மாதத்தில் ஒரே பகலில் தடம் விழுந்துவிடும். பார்த்ததும் சுரண்டாதீர்கள், எச்சத்தில் விதையும் மண்ணும் இருக்கும். ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊற வைத்து, அப்படியே தூக்கி எடுங்கள். டிக்கியில் ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய மைக்ரோஃபைபர் துணியும் எப்போதும் இருக்கட்டும். வேப்ப மரத்தைக் குறை சொல்ல மாட்டேன், அதன் நிழல் உங்கள் பெயின்டுக்கு நல்லதுதான்.

இனி போடும் முறை. ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன், வண்டி நிழலில். பானட்டில் உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சூடான தகட்டில் பாலிஷும் வேக்ஸும் காய்ந்து பிடித்துக்கொள்ளும், துடைக்கத் துடைக்கத் திட்டுத் திட்டாக வரும். கழுவித் துடைத்ததும், ஒரு மெல்லிய பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு பை வழியாக நன்றாகத் தெரியும். ரவை மாதிரி நறநறத்தால் கிளே பார் என்ற களிமண் கட்டி வாங்கி, ஷாம்புத் தண்ணீரை நிறையத் தெளித்து, அழுத்தாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ரயில் பாதை ஓரமும் தொழிற்சாலை ஓரமும் நிற்கும் வண்டிகளில் இரும்புத் தூள் இப்படிக் குத்திக்கொண்டு நிற்கும். கிளே கட்டி கீழே விழுந்தால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். கிளே செய்வது வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் தேவையில்லை, வழுவழுப்பாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

வெளுத்த இடத்துக்கும் எச்சத் தடத்துக்கும் ஃபினிஷிங் பாலிஷ். கருப்பு பிளாஸ்டிக், ரப்பர் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், அங்கே பட்டால் வெள்ளையாகக் காய்ந்து உங்களை வாட்டும். ஃபோம் அப்ளிகேட்டரில் பட்டாணி அளவில் மூன்று சொட்டு. ஓரடிக்கு ஓரடி இடத்தில், முதலில் மேலும் கீழும், பிறகு இடமும் வலமுமாக, மிதமான அழுத்தத்தில் ஓரிரு நிமிடம். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். அப்பாவின் காம்பவுண்டோடு பனியன் துணியும் சேர்ந்துதான் அந்த இடத்தை வெளுக்க வைத்திருக்கிறது, அதனால் துணியும் மைக்ரோஃபைபராகவே இருக்கட்டும். துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு மூன்று தடவையில் நீலம் திரும்பிவிடும். முழுதும் போகாமல் லேசாக நிழல் மாதிரி நின்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிற கீறலும் அப்படித்தான், ஆழமானது, அதைத் துரத்திக்கொண்டு போனால் சுற்றியுள்ள நல்ல பூச்சும் போய்விடும். எச்சத் தடம் ஒன்று பானட்டில் நிழலாக மிஞ்சினால் அதை விட்டுவிடலாம். கிளியர் கோட் அதைவிட விலை உயர்ந்தது.

பானட் முழுக்க இருக்கும் சிலந்தி வலையைக் கையால் எடுக்க முயல வேண்டாம், தோள்தான் வலிக்கும். அதற்கு மெஷின் வேண்டும், கையும் பழகியிருக்க வேண்டும். ஒரு தடவை, கார் பெயின்டைச் சுத்தம் செய்து மெருகேற்றும் நல்ல டீடெய்லிங் கடையில் கொடுத்து எடுத்துவிடுங்கள், கழுவும் முறையை மாற்றிய பிறகு. கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். டூயல் ஆக்‌ஷன் மெஷின் (சுற்றிக்கொண்டே அசையவும் செய்வதால் ரோட்டரியைவிடப் பூச்சுக்குப் பாதுகாப்பானது) வைத்திருக்கிறீர்களா? பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் இருக்கிறதா? ஓரடி இடத்தில் முதலில் செய்து காட்டுவீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்பவர் உங்கள் வண்டியைத் தொடலாம். "அரை மணி நேரத்தில் பஃபிங் போட்டு ஷோரூம் மாதிரி ஆக்கித் தருகிறேன்" என்பவர் எண்ணெய்ப்பசையுள்ள பொருளால் கோடுகளை நிரப்பி மறைக்கிறார், இரண்டு வாட்டர் வாஷில் எல்லாக் கோடும் திரும்பி வரும். அதோடு சர்வீசுக்கு விடும்போதெல்லாம் பில்லில் "ரப்பிங் பாலிஷ்" என்று சேர்க்கிறார்களா என்று பாருங்கள். சேர்த்தால் வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது வேக்ஸ், உங்கள் நீலத்தை உண்மையில் காக்கப் போவது இதுதான். கார்னோபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையில் படியும் மெழுகு. கடும் வெயிலில் தன் ஈரம் போகாமல் இருக்க அந்த மரம் தானே பூசிக்கொள்வது. 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், இயற்கை மெழுகுகளில் இவ்வளவு சூடு தாங்குபவை குறைவு. அடர் நிறத்தில் அது தரும் ஆழமான பளபளப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் தினமும் வெளியே நிற்கும் வண்டியில், சென்னை வெயிலுக்கு ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு மேல் அதை நம்ப முடியாது. செயற்கைப் பாலிமரால் ஆன சீலன்ட் மூன்று நாலு மாதம் நிற்கும். வேலைக்குப் போகிறவர் நீங்கள், ஆகவே சீலன்ட் போடுங்கள். போடும்போது நம் ஆட்கள் செய்யும் தவறு, தோசைக்கு நெய் ஊற்றுவதுபோல் தாராளமாக ஊற்றுவது. மெல்லிசாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்படி தடவ வேண்டும். தடிமனாகப் போட்டால் அதிகம் காக்காது, துடைக்கக் கஷ்டம், அவ்வளவுதான். இரண்டடி இரண்டடியாகத் தடவி, காய விட்டு, விரலால் ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். விரல் போன இடம் சுத்தமாகத் தெரிந்தால் துடைக்கலாம், மசமசவென்று இழுபட்டால் இன்னும் பொறுக்க வேண்டும். கடலோரக் காற்றின் ஈரத்தில் டப்பாவில் போட்ட நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகும். துடைப்பதற்கு இரண்டு துணி: முதல் துணி எடுக்க, இரண்டாவது மெருகேற்ற. அந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள், கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள், நூலின் உறிஞ்சும் தன்மை போய்விடும். பானட்டை மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டி வந்தால் மட்டும், ஒன்றிரண்டு மாதம் அதன் மேல் வேக்ஸ் வேண்டாம். ஷெட்டில் அடித்த பெயின்ட் உள்ளே முழுசாகக் காய அவ்வளவு நாள் ஆகும். தொழிற்சாலைப் பெயின்ட் அடுப்பில் சுட்டு வருவது, அதற்கு இந்தக் கணக்கு இல்லை.

செராமிக் கோட்டிங்கை நான் குறை சொல்லவில்லை, என் கடையிலும் போடுகிறோம். சிலிக்கா அடிப்படையிலான திரவம், காய்ந்ததும் சில மைக்ரான் தடிமனுக்குக் கெட்டியான படலமாகும். வெயிலையும் எச்சத்தையும் தாங்கும், கழுவுவது சுலபம், சரியாகப் போட்டால் வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் 9எச் கடினம் என்று சொல்லும்போது அது வைரத்துக்கு அடுத்தபடி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மணல் கோடு போடத்தான் செய்யும், கல் தெறித்தால் பெயின்ட் பெயரத்தான் செய்யும், போர் தண்ணீர் வட்டமும் உட்காரத்தான் செய்யும். கோடுகளை எடுக்காமல் மேலே போட்டால் அந்தக் கோடுகளையே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின மாதிரி. ஆறு மாதம் புது முறையில் கழுவிப் பாருங்கள், கோடுகளை எடுத்த பிறகும் புதுக் கோடு வரவில்லை என்றால் அப்போது யோசிக்கலாம். டெஃப்லான் கோட்டிங் என்று யாராவது சொன்னால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். தோசைக்கல்லில் டெஃப்லானைப் பிடிக்க வைக்க, அது உருகும் 327 டிகிரிக்கும் மேலே சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் கார் பெயின்ட் என்ன ஆகும்? கார் பாடியில் போடுவது பெரும்பாலும் நல்ல சீலன்ட், விலைக்குப் பெயர் மட்டும் வேறு.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று கேட்டீர்கள். பாலிஷ், இடம் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும், வண்டி முழுக்க என்றால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். சீலன்ட், வருடம் மூன்று தடவை. அதை நம் நாட்காட்டியோடு கட்டிவிடுங்கள், மறக்காது. பொங்கலுக்குப் பிந்தைய வாரம் ஒன்று, மழைக்காலச் சேறெல்லாம் போன பிறகு. சித்திரை பிறந்ததும் ஒன்று, கத்திரி வெயிலுக்கு முன். ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிறு ஒன்று. இந்தக் கடைசிதான் முக்கியம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரமும் அதுதான், பானட்டில் சந்தனமும் குங்குமமும் வைக்கும் நாளும் அதுதான். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்த குங்குமம் ஈரத்தோடு பெயின்டில் இரவெல்லாம் இருந்தால் சிவப்புத் தடம் விடும். வேக்ஸ் போட்ட வண்டியில் அது மேலேயே நிற்கும். பொட்டு மனசார வையுங்கள், மறுநாள் காலையில் நிறையத் தண்ணீர் விட்டு ஓட விடுங்கள், விபூதியைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள். மாலையின் கம்பி முனை பெயின்டில் படாமல் கட்டச் சொல்லுங்கள்.

சித்திரைக்கும் ஆயுத பூஜைக்கும் நடுவே இடைவெளி அதிகம், இடையில் வேக்ஸ் இன்னும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மழைதான் சாட்சி. தண்ணீர் தாமரை இலையில் போல முத்து முத்தாக உருண்டால் இருக்கிறது. அகலமாகப் பரவிப் படுத்துவிட்டால் போய்விட்டது, அடுத்த ஞாயிறு போட்டுவிடுங்கள்.

ஸ்கூட்டருக்கு அந்தக் காம்பவுண்டு போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. பழைய பஜாஜின் தொழிற்சாலைப் பெயின்ட் என்றால் அதில் கிளியர் கோட் இருக்க வாய்ப்பில்லை, அம்பாசிடர் மாதிரி நிறமும் பளபளப்பும் ஒன்றான பூச்சுதான். அந்த டப்பா அதற்காகவே செய்தது. இடையில் யாராவது மறுபடி பெயின்ட் அடித்திருந்தால், அடியில் ஓர் ஓரத்தில் கொஞ்சம் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். துணியில் ஸ்கூட்டரின் நிறம் ஒட்டினால் தொடரலாம், ஒட்டாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். விளிம்புகளிலும் பெயர் எழுதிய இடத்திலும் அழுத்தாமல் தேய்க்க வேண்டும், அது அவருக்கே தெரியும். தேய்த்து முடித்ததும் உங்கள் சீலன்ட்டிலிருந்து ஒரு ஸ்பூன் அளவு கொடுங்கள், அன்றே மேலே பூசிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே கோடையில் மறுபடி வெளுக்கும். கார் கழுவும் ஞாயிற்றுக்கிழமையே இதையும் வைத்துக்கொள்ளுங்கள். 30 வருடம் டாக்ஸியைத் துடைத்த கை, மெல்லிசாகத் தடவும் பக்குவத்தை ஒரு நாளில் பிடித்துவிடும். இரண்டாவது துணியை அவரிடமே கொடுங்கள்.